தன் வெப்ப ஏற்புத்திறன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் வெப்ப ஏற்புத்திறன் என்றால் என்ன?

ஒரு கிராம் பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த எத்தனை ஜூல் வெப்பம் வேண்டும் என்பதுதான் அது. தண்ணீருக்கு 4.186 ஜூல் வேண்டும். இரும்புக்கு 0.45 போதும். ஒரே அளவு வெப்பத்தை ஒரு கிலோ தண்ணீருக்கும் ஒரு கிலோ இரும்புக்கும் கொடுத்தால், தண்ணீர் 1 டிகிரி ஏறும்போது இரும்பு 9 டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்குத் தன் வெப்ப ஏற்புத்திறன் என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் தன்வெப்பக் கொள்ளளவு. பேச்சில் 'தன் வெப்பம்' என்று சுருக்கிவிடுவார்கள். கீழே நாமும் அப்படியே சொல்கிறோம்.

'தன்' இல்லாமல் வெறும் வெப்ப ஏற்புத்திறன் என்றும் ஒன்று வருகிறதே?

தன் வெப்பம் பொருளைப் பற்றியது. வெப்ப ஏற்புத்திறன் உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட சாமானைப் பற்றியது. தன் வெப்பத்தை நிறையால் பெருக்கினால் வெப்ப ஏற்புத்திறன் கிடைக்கும். இரும்பின் தன் வெப்பம் ஆணியிலும் தண்டவாளத்திலும் ஒன்றுதான். ஆனால் ஆணியைச் சூடாக்கத் தீக்குச்சி போதும், தண்டவாளத்துக்குப் போதாது.

இந்தப் பெருக்கலை மறப்பதுதான் இந்தப் பாடத்தில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்குக் காரணம். அட்டவணையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து 'இது சீக்கிரம் சூடாகும், அது மெதுவாகச் சூடாகும்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். எவ்வளவு நிறை என்று கேட்பதில்லை.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு?

அறை வெப்பநிலையை ஒட்டிய மதிப்புகள் (பனிக்கட்டிக்கு 0 டிகிரியையும் நீராவிக்கு 100 டிகிரியையும் ஒட்டி), ஒரு கிராமுக்கு ஒரு டிகிரிக்கு ஜூலில்:

தண்ணீர் 4.186, பனிக்கட்டி 2.1, நீராவி சுமார் 2.0, எத்தனால் 2.4, சமையல் எண்ணெய்கள் சுமார் 2.0, காற்று 1.0, அலுமினியம் 0.90, கான்கிரீட் சுமார் 0.88, கண்ணாடி சுமார் 0.84, உலர்ந்த மணல் சுமார் 0.8, துருப்பிடிக்காத எஃகு 0.50, இரும்பு 0.45, தாமிரம் 0.385, பித்தளை 0.38, வெள்ளி 0.235, பாதரசம் 0.14, தங்கம் 0.129, ஈயம் 0.128.

கிலோகிராமுக்கு வேண்டுமென்றால் 1000-ஆல் பெருக்குங்கள். தண்ணீருக்கு 4186 என்று புத்தகத்தில் இருப்பது அதுதான்.

எல்லாப் பொருள்களிலும் தண்ணீருக்குத்தான் அதிகம் என்கிறார்களே?

அன்றாடம் புழங்கும் திரவங்களில் அப்படித்தான். 'எல்லாப் பொருள்களிலும்' என்றால் தவறு. திரவ அம்மோனியாவுக்குச் சுமார் 4.7, ஹீலியம் வாயுவுக்கு 5.2, ஹைட்ரஜன் வாயுவுக்கு 14.3. வாயுக்களின் அடர்த்தி மிகக் குறைவு என்பதால், ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் தண்ணீரின் பக்கத்தில்கூட அவை வராது.

தண்ணீருக்கு ஏன் அவ்வளவு?

கொடுத்த வெப்பம் முழுவதும் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டப் போனால்தான் வெப்பநிலை மளமளவென ஏறும். தண்ணீரில் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொண்டிருக்கிறது. வெப்பத்தில் ஒரு பங்கு இந்தப் பிணைப்புகளைத் தளர்த்தவும் அறுக்கவும் செலவாகிவிடுகிறது. அந்தப் பங்கை வெப்பமானி காட்டாது. பனிக்கட்டியில் பிணைப்புகள் இறுகிக் கிடக்கின்றன, நீராவியில் ஏறத்தாழ இல்லை. அதனால்தான் இரண்டுக்கும் தண்ணீரின் மதிப்பில் பாதிதான்.

உலோகங்களில் ஈயத்துக்கு மிகக் குறைவாகவும் அலுமினியத்துக்கு அதிகமாகவும் இருப்பது ஏன்?

கிராம் கணக்கில் ஒப்பிடுவதால் வரும் தோற்றம் இது. ஒரு கிராம் அலுமினியத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, ஒரு கிராம் ஈயத்தில் உள்ளதைப் போல ஏழரை மடங்கு. வெப்பத்தை வாங்கிக்கொண்டு அதிர்வது அணுக்கள்தான். எனவே தன் வெப்பத்தை அணு நிறையால் பெருக்கிப் பாருங்கள். அலுமினியம் 0.90 × 27 = 24.3. தாமிரம் 0.385 × 63.5 = 24.4. வெள்ளி 0.235 × 107.9 = 25.4. ஈயம் 0.128 × 207.2 = 26.5. எல்லாம் 25-ஐச் சுற்றியே நிற்கின்றன.

1819-ல் டூலாங், பெட்டி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கண்டது இது. அந்தக் காலத்தில் அணு நிறைகளைச் சரிபார்க்கவே இந்த விதி உதவியது. வைரம் வழிக்கு வராது. அதற்கு 6 சொச்சம்தான். அதன் அணுக்கள் மிக விறைப்பாகப் பிணைந்திருப்பதால் அறை வெப்பநிலையில் முழுதாக அதிர முடிவதில்லை. இதற்குக் குவாண்டம் விளக்கம் கொடுத்தவர் ஐன்ஸ்டீன், 1907-ல்.

அலுமினியத்தின் தன் வெப்பம் இரும்பைப் போல இரு மடங்கு. அப்படியானால் அலுமினிய நான்-ஸ்டிக் தவாதானே மெதுவாகக் காய வேண்டும்? நேர்மாறாக நடக்கிறதே?

இங்கேதான் நிறையைப் பெருக்க வேண்டும். 2 கிலோ இரும்புத் தோசைக்கல் என்றால் 2000 × 0.45 = 900 ஜூல், ஒரு டிகிரிக்கு. 600 கிராம் அலுமினியத் தவாவுக்கு 600 × 0.90 = 540 ஜூல். 30-லிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுபோக இரும்புக் கல்லுக்கு 153 கிலோஜூல், தவாவுக்கு 92 கிலோஜூல். தவா முந்துவதில் வியப்பில்லை. அலுமினியம் வெப்பத்தை இரும்பைவிட நன்றாகக் கடத்தும் என்பதால் ஓரம் வரை சமமாகவும் காய்கிறது.

கனமான கல்லின் அருமை அடுத்த கட்டத்தில் தெரியும். கல்லில் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி தண்ணீர் தெளிக்கிறீர்கள். அது முழுவதும் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். 28-லிருந்து 100 டிகிரிக்கு ஏற 3 கிலோஜூல்தான். ஆவியாக மாறுவதற்கு 22.6 கிலோஜூல். மொத்தம் 25.6. அடுப்பு கொடுப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இரும்புக் கல் 28 டிகிரி இறங்கும், அலுமினியத் தவா 47 டிகிரி இறங்கும். மிகவும் காய்ந்த கல்லில் துளிகள் முத்து முத்தாக உருண்டு வெளியே ஓடிவிடும் என்பதால் உண்மையான இறக்கம் இதைவிடக் குறைவு. மாவு ஊற்றும்போதும் இதே கதைதான். மாவில் பெரும்பங்கு தண்ணீர். கனத்த கல் அடியை அதிகம் தாங்குவதால் அடுத்த தோசைக்கும் சூடு மிச்சமிருக்கும்.

எண்ணெய் தண்ணீரைவிட ஏன் அவ்வளவு சீக்கிரம் காய்கிறது?

அரை லிட்டர் கடலை எண்ணெயின் நிறை சுமார் 460 கிராம். ஒரு டிகிரிக்கு 460 × 2.0 = 920 ஜூல். அரை லிட்டர் தண்ணீருக்கு 2093 ஜூல். அதே தீயில் எண்ணெய் இரண்டேகால் மடங்கு வேகமாக ஏறும்.

அதைவிட முக்கியமானது, தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், எண்ணெய் நிற்காது. சூடேற ஏற எண்ணெயின் தன் வெப்பம் சற்றுக் கூடும். அதையும் சேர்த்துப் பார்த்தால், அரை லிட்டர் எண்ணெயை வடை பொரிக்கும் 180 டிகிரிக்குக் கொண்டுபோகும் வெப்பமும், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றுதான். டீக்குத் தண்ணீர் வைத்த கணக்கில் வாணலியை வைத்துவிட்டு நகர்ந்தால் புகை வருவது இதனால்தான்.

கெய்சரில் தண்ணீர் காய எவ்வளவு நேரம், எத்தனை யூனிட்?

வெப்பம் = நிறை × தன் வெப்பம் × வெப்பநிலை மாற்றம். 15 லிட்டர் கெய்சர், 27-லிருந்து 60 டிகிரி: 15 × 4.186 × 33 = 2072 கிலோஜூல். 2 கிலோவாட் சுருள் ஒரு வினாடிக்கு 2 கிலோஜூல் கொடுக்கும். ஆக 1036 வினாடி, 17 நிமிடம் சொச்சம். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல் என்பதால் 0.58 யூனிட்.

இந்தத் தண்ணீர் எத்தனை வாளிக்கு வரும்? 60 டிகிரியில் யாரும் குளிப்பதில்லை. 40 டிகிரிக்கு விளாவினால் 15 × 33 ÷ 13 = 38 லிட்டர், அதாவது இரண்டு வாளி. ஒருவர் மட்டும் ஒரு வாளியில் குளிப்பதானால் தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்கிவைக்கலாம்.

உங்கள் கெய்சருக்கு 17 நிமிடத்துக்குப் பதில் 25, 30 நிமிடம் ஆகிறதா? தண்ணீரின் தன் வெப்பம் மாறப்போவதில்லை. மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வந்தால் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சுருளில் உப்புப் படிந்திருந்தால் நேரம் கூடுவதைவிடச் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோவதுதான் பெரிய ஆபத்து.

வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்கும் இதே கணக்கு. 18 லிட்டரை 27-லிருந்து 42-க்கு ஏற்ற 1.5 கிலோவாட் ராடுக்குப் பன்னிரண்டரை நிமிடம். சூடு வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்க்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பாடத்தில் வரும் கலவை முறையை (சூடான பொருளைத் தண்ணீரில் போட்டு அதன் தன் வெப்பத்தைக் கண்டறிவது) வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்க முடியுமா?

முடியும். தராசு, 0.5 டிகிரியாவது பிரித்துக் காட்டும் வெப்பமானி, தாமிரக் கலோரிமீட்டர் (வெப்பம் கசியாமல் காக்கும் மூடியுள்ள பாத்திரம்), ஒரு சோதனைக்குழாய், 150 கிராம் அளவுக்குச் சிறிய இரும்பு நட்டு போல்ட்டுகள் வேண்டும். கலோரிமீட்டர் இல்லாவிட்டால் தெர்மோகோல் கப் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. போல்ட்டில் காந்தம் நன்றாக ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது துருப்பிடிக்காத எஃகு ரகம், 0.50-ஐ ஒட்டித்தான் விடை வரும்.

போல்ட்டுகளை எடைபோட்டு, உலர்ந்த சோதனைக்குழாயில் இட்டு, கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். குழாயின் வாயைப் பஞ்சால் லேசாக அடைக்கவும். கலோரிமீட்டரை வெறுமையாக எடைபோட்டு, 100 கிராம் தண்ணீர் ஊற்றி, அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளின் வெப்பநிலையைக் குழாய்க்குள்ளேயே வெப்பமானி விட்டுப் பாருங்கள். 100 என்று எழுதிவைக்காதீர்கள். உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பிறகு குழாயைச் சாய்த்துப் போல்ட்டுகளைத் தண்ணீரில் கொட்டி, மூடி, மெல்லக் கலக்கிக்கொண்டே வெப்பமானி எட்டும் உச்ச அளவைக் குறியுங்கள்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. கலோரிமீட்டர் 60 கிராம், தண்ணீர் 100 கிராம், இரண்டும் 28.0 டிகிரியில். போல்ட்டுகள் 150 கிராம், 99.0 டிகிரியில். உச்சம் 37.3. தண்ணீரும் கலோரிமீட்டரும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு 418.6 + 23.1 = 441.7 ஜூல் ஏற்கும். 9.3 டிகிரி ஏறியதால் பெற்ற வெப்பம் 4108 ஜூல். இதைப் போல்ட்டுகள் 61.7 டிகிரி இறங்கிக் கொடுத்தன. 4108 ÷ (150 × 61.7) = 0.444. புத்தக மதிப்பு 0.45.

செய்து பார்த்தேன். 0.45-க்குப் பதில் 0.50-க்கு மேல் வருகிறது. என்ன தவறு?

போல்ட்டுகளை நேரடியாக வெந்நீரில் போட்டு எடுத்திருப்பீர்கள். மரைக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு கிராம் வெந்நீர் வந்தாலே அது 258 ஜூல் கொண்டுவருகிறது. விடை 6 சதவீதம் ஏறிவிடும். இரண்டு கிராம் வந்தால் 12 சதவீதம். உலர்ந்த குழாயில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எனக்கு 0.40 வருகிறதே?

இதற்குப் பல வழிகள் உண்டு. குழாயிலிருந்து கலோரிமீட்டருக்குப் போகும் தூரம் அதிகம் என்றால் வழியிலேயே போல்ட் ஆறிவிடும். இரண்டையும் கையெட்டும் தொலைவில் வையுங்கள், ஆனால் அடுப்புச் சூடு கலோரிமீட்டரில் படாமல் நடுவில் ஓர் அட்டை நிறுத்துங்கள். கலோரிமீட்டரின் பங்கைக் கணக்கில் சேர்க்க மறந்தாலும் விடை 5 சதவீதம் இறங்கும். கலக்காமல் விட்டால் அடியில் சூடு, மேலே குளிர்ச்சி. வெப்பமானி எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து விடை ஆடும்.

தண்ணீர் ஏறியதே 9 டிகிரி சொச்சம்தான் என்பதையும் கவனியுங்கள். அதில் அரை டிகிரி தப்பாகப் படித்தால் 5 சதவீதம் போய்விடும். தண்ணீரை 200 கிராமாகக் கூட்டினால் ஏற்றம் பாதியாகி, பிழை இரட்டிக்கும். போல்ட் மூழ்கும் அளவுக்குமேல் தண்ணீர் வேண்டாம். இன்னொரு பழைய உத்தி: அறை வெப்பநிலையைவிட 4, 5 டிகிரி குறைவான தண்ணீரில் தொடங்குங்கள். முதல் பாதியில் அறையிலிருந்து உள்ளே வரும் வெப்பமும், பின் பாதியில் வெளியே கசியும் வெப்பமும் ஓரளவு ஈடாகிவிடும்.

மார்கழியில்கூட மதியம் மெரினா மணல் சுடுகிறது, கடல் குளிர்ந்தே கிடக்கிறது. தன் வெப்பம்தானே காரணம்?

ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அன்று. மணலுக்கு 0.8, தண்ணீருக்கு 4.18. இதனால் மட்டும் ஐந்து மடங்கு வித்தியாசம். உலர்ந்த மணல் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவதால் பகல் வெயில் முழுவதும் மேலே சில சென்டிமீட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காலால் கிளறினால் கீழே குளிர்ச்சியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலிலோ வெயில் சில மீட்டர் ஆழம் வரை ஊடுருவுகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது, மேற்பரப்பில் ஆவியாதல் வேறு. சூடாக வேண்டிய நிறை பல மடங்கு. மறுபடியும் அதே பெருக்கல்தான். இந்த வித்தியாசத்திலிருந்துதான் பிற்பகலில் கடற்காற்று கிளம்புகிறது.

ஏசி போட்டால் இரண்டு நிமிடத்தில் குளிர்கிறது, அணைத்ததும் அறை மறுபடி கொதிக்கிறது. ஏன்?

3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம், மொட்டைமாடிக்கு நேர் கீழே என்று வைத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் காற்று சுமார் 43 கிலோ. அதை 10 டிகிரி குளிர்விக்க 430 கிலோஜூல் எடுத்தால் போதும். ஒரு டன் ஏசி வினாடிக்கு 3.5 கிலோஜூல் எடுக்கும். இரண்டு நிமிட வேலை.

மேலே இருக்கும் கூரையைப் பாருங்கள். 12 சதுர மீட்டர், 5 அங்குலத் தளம், ஏறத்தாழ 3600 கிலோ கான்கிரீட். அதை ஒரு டிகிரி குளிர்விக்கவே 3170 கிலோஜூல் வேண்டும். அறைக் காற்றைப் போல எழுபது மடங்குக்கு மேல். 10 டிகிரி என்றால் ஏசி வேறு எதையும் செய்யாமல் இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும். பகலெல்லாம் வெயில் வாங்கிய தளம் இரவு பத்து மணிக்கும் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும். காற்று மட்டும் குளிர்ந்தால், அணைத்த சில நிமிடங்களில் சுவரும் கூரையும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

தளம் சூடான பிறகு போராடுவதைவிட, சூடாக விடாமல் தடுப்பது மலிவு. மாடியில் வெள்ளைப் பூச்சோ நிழல்வலையோ செய்யும் வேலை அதுதான். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் வீண் இல்லை. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் 2400 கிலோஜூலுக்குக் குறையாமல் எடுத்துப்போகும்.

'ஒரு டன்' என்ற அளவும் பனிக்கட்டியிலிருந்து வந்ததுதான். ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எடுக்கும் வெப்பம் அது.

உருகும்போது பனிக்கட்டியின் வெப்பநிலை ஏறுவதில்லையே, அப்போது கொடுக்கும் வெப்பம் எங்கே போகிறது?

பிணைப்புகளைத் தளர்த்தப் போகிறது. இது உள்ளுறை வெப்பம், இலங்கையில் மறை வெப்பம் என்பார்கள். 1760-களை ஒட்டி கிளாஸ்கோவில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜோசப் பிளாக். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல், ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2257 ஜூல். தன் வெப்பச் சூத்திரத்தில் வெப்பநிலை மாற்றம் சுழி என்பதால் இந்தக் கட்டத்துக்கு அது பயன்படாது, தனியாகக் கூட்ட வேண்டும்.

மீன் பெட்டியில் இதைப் பார்க்கலாம். ஒரு கிலோ மீனை 30-லிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர (மீனின் தன் வெப்பம் சுமார் 3.6) 108 கிலோஜூல் எடுக்க வேண்டும். கணக்குப்படி 325 கிராம் ஐஸ் போதும். ஆனாலும் நம் ஊர் வெயிலில் மீன் ஒரு பங்கு, ஐஸ் ஒரு பங்கு என்று போடுவதுதான் சரி. மிச்சமுள்ள ஐஸ் பெட்டிச் சுவர் வழியாக வரும் வெப்பத்துக்கு.

கொதிநீரைவிட இட்லிப் பானை ஆவி ஏன் அதிகம் சுடுகிறது?

இரண்டும் 100 டிகிரிதான். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37-க்கு இறங்கினால் 264 ஜூல் கொடுக்கும். ஒரு கிராம் ஆவி முதலில் நீராக மாறும்போதே 2257 ஜூல் கொடுத்துவிட்டு, பிறகு அந்த 264-ஐயும் கொடுக்கும். ஒன்பது மடங்குக்கு மேல். மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள்.

வெப்பநிலை மாற்றத்தைக் கெல்வினில் போட வேண்டுமா?

எதில் போட்டாலும் ஒன்றுதான். 20-லிருந்து 50 டிகிரி செல்சியஸ் என்றால் மாற்றம் 30 கெல்வின். இந்த 30-உடன் 273-ஐக் கூட்டி 303 என்று எழுதுவதுதான் தேர்வுத்தாளில் அதிகம் காணும் தவறு. அடுத்த தவறு, நிறையைக் கிராமில் எழுதிவிட்டு 4186-ஆல் பெருக்குவது. ஒரு டம்ளர் தண்ணீரைச் சூடாக்கப் பல்லாயிரம் கிலோஜூல் என்று விடை வந்தால் அலகைத் திரும்பப் பாருங்கள்.

வண்டி ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றலாமா? அதற்குத்தானே தன் வெப்பம் அதிகம்?

தண்ணீரில் பாதிக்குப் பாதி கிளைகால் என்ற திரவம் கலந்த கூலன்ட்டின் தன் வெப்பம் சுமார் 3.4, தண்ணீரைவிடக் குறைவுதான். ஆனால் அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். வழியில் ஆபத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், அதையே வழக்கமாக்க வேண்டாம்.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் தன் வெப்பத்துக்கும் தொடர்பு உண்டா?

குளிர்விப்பது ஆவியாதல். எத்தனை டிகிரி குளிரும் என்பதில்தான் தன் வெப்பம் வருகிறது. ஒரு கிலோ தண்ணீரில் 10 கிராம் கசிந்து ஆவியானால் ஏறத்தாழ 24 கிலோஜூல் போகும். அதை 4.18-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6 டிகிரி. வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பானையைக் காற்றோட்டமான நிழலில், மணல் மேல் வைத்து மணலை ஈரமாக வைத்திருங்கள். பெயின்ட் அடித்த பானை குளிராது, அதன் நுண்துளைகள் அடைபட்டுவிடும்.